விசிறி கால் சுற்று சுற்றி நின்ற கணினி

பட்டனை அமுக்கினால் பிராசஸர் மேலுள்ள விசிறி கால் சுற்று சுற்றும். கேபினட் முகப்பில் நீல விளக்கு ஒரு தடவை மின்னும். அதோடு சரி. மறுபடி அமுக்கினால் சில நேரம் அதுவும் வராது. திரையில் ஒன்றும் இல்லை, பீப் சத்தமும் இல்லை.

சிவகாசியில் ஒரு சின்ன ஆஃப்செட் அச்சகத்தின் டிடிபி அறையில், அதாவது கணினியில் பக்கம் கோக்கிற அறையில், இருக்கும் கணினி இது. நேரமோ கார்த்திகை மாதம். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடக் காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டு ஆர்டர் பிடிக்கத் தொடங்குகிற ஊர், கார்த்திகை வந்துவிட்டால் ராத்திரி பகல் பார்க்காது. அந்த நேரத்தில் காலண்டரில் கடைப் பெயர் கோக்கிற கணினி படுத்துவிட்டால் மெஷின் சும்மா நிற்கும், மெஷின்மேன் பீடி பிடித்துக்கொண்டிருப்பார்.

கணினி ஒன்றும் புதிதல்ல. ஹெச்61 சிப்செட் மதர்போர்டு, கோர் ஐ3-2120 பிராசஸர், 4 ஜிபி டிடிஆர்3 ராம், விண்டோஸ் 7. பத்து வருடத்துக்கு மேல் உழைத்த சரக்கு. புதிதாக ஒன்று வாங்கிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். போர்டின் பின்பக்கம் இருக்கிற பேரலல் போர்ட்தான் சிக்கல். அதில் தமிழ் எழுத்துரு மென்பொருளின் டாங்கிள், அதாவது அதன் உரிமச் சாவி, செருகியிருக்கிறது. அது இல்லாவிட்டால் எழுத்துரு வேலை செய்யாது. பல வருடத்து தினசரிக் காலண்டர்த் தாள்கள், பஞ்சாங்கக் குறிப்புகள், கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் எல்லாம் அந்த எழுத்துருவில், பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7 கோப்புகளாகக் கிடக்கின்றன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு அது, 2001இல் வந்தது. யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம்தான், ஆனால் சீசன் நடுவே அதைச் சொன்னால் அடிக்க வருவார்கள்.

"வந்து பார்த்தவர் போர்டு போச்சுன்னுட்டார் தம்பி. போர்டு, பிராசஸர், ராம் மூணையும் மாத்தணுமாம்" என்றார் அச்சக முதலாளி அண்ணாச்சி. அந்த டெக்னீஷியன் எஸ்எம்பிஎஸ்ஸையும், அதாவது சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டியையும், சோதித்திருக்கிறார். பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு கம்பியால் இணைத்துப் பார்த்ததில் அதன் விசிறி நன்றாகச் சுற்றியிருக்கிறது. எஸ்எம்பிஎஸ் நல்லது, ஆகவே போர்டுதான் கெட்டது என்று முடித்துவிட்டார். போகிற போக்கில் பேட்டரியைக் கழற்றி மாட்டி, கணினி கிளம்பும்போது முதலில் ஓடும் பயாஸின் அமைப்புகள் தங்கும் சிமாஸையும் அழித்திருக்கிறார். அது பின்னால் வேறொரு தலைவலியாகத் திரும்பியது.

கருவிப் பையைத் திறக்கும் முன் டிடிபி போடும் பெண்ணிடம் பேசினேன். கணினியோடு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிந்ததில் பாதிகூட முதலாளிக்குத் தெரியாது.

"எப்ப இருந்து இப்படி?"

"நேத்து மாசாந்திர ஷட்டவுன் அண்ணே. காலையில ஒம்பது மணிக்குப் போன கரண்டு சாயங்காலந்தான் வந்துச்சு. வந்ததுல இருந்து ஆன் ஆகல. கரண்டு வந்த வேகத்துல போர்டு அடிச்சிருச்சுன்னு அவரு சொன்னாரு."

"அதுக்கு முன்னாடி ஒழுங்கா வந்துச்சா?"

"காலையில ரெண்டு மூணு தடவ அமுக்கணும். ஒருதடவ வந்துட்டா அப்புறம் தொந்தரவு இல்ல. போன மாச ஷட்டவுன் அன்னைக்கும் இப்படித்தான் அடம்பிடிச்சுச்சு. வெறுத்துப்போய் விட்டுட்டேன். அரை மணி நேரம் கழிச்சு சும்மா அமுக்கிப் பார்த்தா வந்துருச்சு."

இந்தக் கடைசி வாக்கியத்தில் பாதி வேலை முடிந்துவிட்டது. மின்சாரம் பாய்ந்து போர்டு எரிந்திருந்தால் போன மாதமே கதை முடிந்திருக்கும். பகல் முழுக்க மின்சாரம் இல்லாமல் ஆறிக் கிடந்தால் அடம்பிடிக்கிறது. பிளக்கில் கொஞ்ச நேரம் கிடந்து சூடேறினால் வருகிறது. சூட்டில் சரியாகி, ஆறினால் மக்கர் செய்கிற பாகம் என்றால் முதலில் நினைவுக்கு வரவேண்டியது, மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கித் தரும் எலெக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர். உள்ளே இருக்கும் திரவம் காயக் காய அதன் உள்தடை, அதாவது ஈஎஸ்ஆர், ஏறும். சூடானால் அந்தத் தடை கொஞ்சம் இறங்கும்.

ஆனால் சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. வரிசையாகவே போனேன்.

சுவர் பிளக்கில் 231 வோல்ட். பவர் கார்டின் மறுமுனையிலும் அதே. இதை டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறவர்கள் உண்டு. நியூட்ரல் அறுந்திருந்தாலும் டெஸ்டர் எரியும். மீட்டர் வைத்தால்தான் தெரியும். எஸ்எம்பிஎஸ் பின்னால் இருக்கும் சிவப்பு சுவிட்ச் 230இல் இருந்தது. யாராவது விளையாட்டாக அதை 115க்குத் தள்ளிவிட்டு நம்ம ஊர் மின்சாரத்தில் போட்டால் வெடிச்சத்தம் கேட்கும், அதற்கு மேல் சோதிக்க ஒன்றும் இருக்காது.

அடுத்து முன்பக்கப் பட்டன். அது உள்ளேயே சிக்கிக்கொண்டாலும் கணினி தொடர்ந்து ஓடாது. ஆனால் அப்போது அடையாளம் வேறு: ஆன் ஆகி, நான்கு விநாடி ஓடி, பிறகு அணையும். பட்டனை நான்கு விநாடி பிடித்தால் கட்டாயமாக அணைக்கும் ஏற்பாடு போர்டிலேயே இருக்கிறது. இங்கே ஒரு விநாடிகூட ஓடவில்லை. இருந்தாலும் பட்டன் வயரைக் கழற்றிவிட்டு, போர்டில் இருக்கும் அந்த இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டேன். அதே கால் சுற்று. பட்டன் மேல் குற்றமில்லை.

இந்த இடத்தில், பட்டனை அமுக்கினால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல்தான் நிறைய நல்ல போர்டுகள் குப்பைக்குப் போகின்றன. டெஸ்க்டாப்பின் பட்டன், குழல்விளக்கு சுவிட்ச் போல மின்சாரத்தை நேராக வெட்டி இணைப்பதில்லை. சுவர் சுவிட்ச் போட்டிருக்கும் வரை எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஒரு குட்டி சர்க்யூட் ஓடிக்கொண்டே இருக்கும். 24 பின் கனெக்டரில் 9ஆவது பின்னில், ஊதா வயரில், 5 வோல்ட்டை எந்நேரமும் கொடுத்துக்கொண்டிருக்கும். இதற்கு ஸ்டாண்ட்பை சப்ளை என்று பெயர். கணினி 'ஆஃப்' என்று நாம் நினைக்கும்போதும் போர்டில் ஒரு சிப் இதில் விழித்திருக்கும். பட்டனை அமுக்கியதும் அந்த சிப் 16ஆவது பின்னான பச்சை வயரை கிரவுண்டுக்கு இழுக்கும். அதைப் பார்த்துத்தான் எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய பகுதி கிளம்பி 12, 5, 3.3 வோல்ட்டுகளைத் தரும். எல்லாம் நிலைக்கு வந்ததும், 100இல் இருந்து 500 மில்லிவிநாடிக்குள், 8ஆவது பின்னான சாம்பல் வயரில் 'பவர் குட்' என்று ஒரு 5 வோல்ட் சைகை போகும். அது வந்த பிறகே பிராசஸர் வேலையைத் தொடங்கும்.

ஆக, ஊதா வயர் தள்ளாடினால் எல்லாமே தள்ளாடும். பச்சை வயரைப் பிடித்திருக்கும் சிப்புக்கே சோறு இல்லாமல் போனால் அது கையை விட்டுவிடும்; எஸ்எம்பிஎஸ் அணைந்துவிடும். விசிறி கால் சுற்றில் நிற்பதற்கு இது ஒரு நியாயமான காரணம். இன்னொரு காரணம் போர்டில் ஷார்ட். எஸ்எம்பிஎஸ் ஷார்ட்டைக் கண்டுகொண்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்தாலும் வெளியே தெரியும் காட்சி இதேதான். இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான் மொத்த வேலையும்.

24 பின் கனெக்டரைப் போர்டிலேயே விட்டுவிட்டு, வயர் நுழையும் பின்பக்கமாக மீட்டர் முனையைச் செருகினேன். கறுப்பு முனை கேபினட் இரும்பில். ஊதா வயரில் 4.88 வோல்ட். டெஸ்க்டாப் எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் விதிப்படி 5 சதவீதம் ஏற இறங்க இருக்கலாம், அதாவது 4.75இல் இருந்து 5.25 வரை. எல்லைக்குள்தான் இருக்கிறது. இதோடு திருப்திப்பட்டு எழுந்திருந்தால் நானும் 'போர்டு போச்சு' என்றுதான் சொல்லியிருப்பேன். மீட்டரில் கண்ணை வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணைப் பட்டனை அமுக்கச் சொன்னேன். எண் 4.2க்கு விழுந்து துள்ளி ஏறியது. சாதாரண மீட்டர் விநாடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணை மாற்றும். அதிலேயே 4.2 என்று தெரிந்தால் உண்மையில் இன்னும் கீழே விழுந்திருக்கும்.

போர்டு அதிகம் இழுப்பதால் விழுகிறதா, எஸ்எம்பிஎஸ்ஸால் கொடுக்க முடியாமல் விழுகிறதா? இதற்கு நான் பையில் எப்போதும் வைத்திருக்கும் சாமான் 4.7 ஓம், 10 வாட் ரெசிஸ்டர். வெள்ளை செங்கல் மாதிரி இருக்கும், ரேடியோ சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். கனெக்டர்களைப் போர்டில் இருந்து முழுக்கக் கழற்றிவிட்டு, ஊதாவுக்கும் கறுப்புக்கும் இடையே இதைப் போட்டால் சுமார் ஓர் ஆம்பியர் இழுக்கும். எஸ்எம்பிஎஸ் லேபிளில் ஸ்டாண்ட்பை 2 ஆம்பியர் என்று போட்டிருந்தது. ஆகவே நியாயமான சுமைதான். மீட்டர் 3.6 காட்டியது. ரெசிஸ்டரை எடுத்தால் மறுபடி 4.9. போர்டே இல்லாத இடத்தில் விழுகிறது என்றால் போர்டைக் குறை சொல்ல முடியாது.

கம்பிச் சோதனையில் விசிறி ஏன் நன்றாகச் சுற்றியது? அதில் ஊதா வயர் மேல் சுமையே இல்லை. பச்சையை நாமே கம்பியால் பிடித்துக்கொள்கிறோம். பெரிய பகுதி கிளம்பிவிடுகிறது, விசிறியும் சுற்றுகிறது. அந்தச் சோதனையில் ஒன்றும் அசையவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ் கெட்டது என்று சொல்லலாம். விசிறி சுற்றினால் நல்லது என்று சொல்ல முடியாது. ஊர் முழுக்க இதை ஏதோ தீர்ப்பு மாதிரி வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

போர்டையும் ஒரு பார்வை பார்க்காமல் வேறு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டக்கூடாது. போர்டில் ஷார்ட் இருந்தால் இரவல் வாங்கியதும் சிக்கலாகும். பிராசஸருக்கு மின்சாரம் தரும் 4 பின் சாக்கெட்டில் மஞ்சள் வயர் வரும் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஓம் அளந்தேன். எண் மெல்ல ஏறி ஆயிரங்களில் நின்றது. அங்கே ஓரிரு ஓம் காட்டியிருந்தால், பிராசஸருக்குப் போகும் மின்சாரத்தை வெட்டி இணைக்கும் மாஸ்ஃபெட் ஷார்ட் என்று அர்த்தம். ஒன்று கவனிக்க வேண்டும்: பிராசஸர் பக்கத்தில் இருக்கும் காயில்களில் அளந்தால் சில ஓம்கள், சில பிராசஸர்களில் அதைவிடக் குறைவாகவும், காட்டும். அது இயல்பு. அதைப் பார்த்து ஷார்ட் என்று மாஸ்ஃபெட்டைக் கழற்றப் போனவர்கள் உண்டு.

பில் போடும் கணினி பக்கத்து மேசையில் இருந்தது. அதன் எஸ்எம்பிஎஸ்ஸை வெளியே எடுக்காமல், வயர்களை மட்டும் இழுத்து இந்தப் போர்டில் செருகினேன். ராம் இல்லாமல், ஹார்ட் டிஸ்க் இல்லாமல், பிராசஸரும் விசிறியும் மட்டும். போர்டில் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை மாட்டிவிட்டுப் பின்களைத் தொட்டேன். நீளமான பீப், விட்டு விட்டு. ராம் இல்லை என்று போர்டே சொல்கிறது. அப்படிச் சொல்வதற்கு பிராசஸரும் பயாஸும் உயிரோடு இருந்தாக வேண்டும். இந்த ஒரு சத்தத்துக்காகத்தான் ராமைக் கழற்றுவது. 'ராமைத் துடைத்து மாட்டு' என்று எல்லோரும் சொல்வார்கள். கழற்றிவிட்டுப் பீப் கேட்டுப் பார் என்று சொல்கிறவர்கள் குறைவு.

ராமின் பொன்னிறப் பற்களை ரப்பரால் தேய்த்து, தூசைத் துணியால் துடைத்து மாட்டியதும் திரையில் எழுத்து வந்தது. அண்ணாச்சி முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே. "அப்ப போர்டு நல்லாத்தான் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, எழுதிக் கொடுத்த எஸ்டிமேட்டைத் தேடிப் போனார்.

இனி எஸ்எம்பிஎஸ். இதில் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். எலெக்ட்ரானிக்ஸ் கை பழகாதவர்கள் இதைத் திறக்கவே வேண்டாம். நம் 230 வோல்ட்டை டிசியாக்கினால் 325 வோல்ட் வரும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் அதை வடிக்க ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். எல்லாவற்றிலும் இருக்கும் என்று நம்பிக் கை வைக்கக்கூடாது. புதிது வாங்குவதுதான் பெரும்பாலானவர்களுக்கு நல்லது. வாங்கும்போது தூக்கிப் பாருங்கள். 450 வாட் என்று ஒட்டியிருக்கும் ஒன்று காலி டப்பா போல லேசாக இருந்தால் உள்ளே ஃபில்டர் காயிலும் ஹீட்சிங்க்கும் ஒழுங்காக இல்லை என்று அர்த்தம். நான் இதைத் திறந்ததற்குக் காரணம் இரண்டு. கடைகள் அடைத்திருந்த நேரம் அது. தவிர, இது கனமான, ஒழுங்காகச் செய்த சரக்கு. கெட்டது ஒரு மூலை மட்டும்தான்.

மூடியைக் கழற்றியதும் வந்தது வெள்ளை மாவு. அச்சகக்காரர்களுக்கு இது புதிதில்லை. ஆஃப்செட் மெஷினில் ஈரமான மை அடுத்த தாளின் முதுகில் ஒட்டாமலிருக்க ஸ்பிரே பவுடர் தூவுவார்கள். பெரும்பாலும் மாவுச்சத்துப் பொடி. காற்றில் மிதந்து வந்து டிடிபி அறைக் கணினிக்குள்ளும் படியும். கார்த்திகை ஈரத்தில் அது பிசுபிசுத்து விசிறி இறக்கைகளிலும் ஹீட்சிங்க் இடுக்குகளிலும் பூச்சாகிவிட்டிருந்தது. காற்று போகாத இடத்தில் சூடு தேங்கும்.

பெரிய கப்பாசிட்டர்களைத் தொடும் முன் மீட்டர் வைத்தேன். இரண்டும் சேர்ந்து 40 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தன. மீதியை ஹோல்டரில் மாட்டிய 60 வாட் குண்டு பல்பால் வடித்து, மறுபடி அளந்து பூஜ்யம் பார்த்த பிறகே கை வைத்தேன்.

ஊதா வயர் எஸ்எம்பிஎஸ்ஸின் உள்போர்டில் இறங்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டு போனால் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் வரும். அதன் பக்கத்தில் ஒரு டயோடு, இரண்டு கப்பாசிட்டர்கள், நடுவில் ஒரு சின்னக் காயில். இரண்டு கப்பாசிட்டரும் 1000 மைக்ரோஃபாரட், 10 வோல்ட், 105 டிகிரி. ஒன்றின் தலை லேசாக உப்பியிருந்தது. மற்றது தட்டையாக, பார்க்கப் புதுசு போல இருந்தது. கழற்றி ஈஎஸ்ஆர் மீட்டரில் வைத்தால், உப்பியது 700 சொச்சம் மைக்ரோஃபாரட், ஈஎஸ்ஆர் ஒன்றரை ஓம். தட்டையானதுதான் மோசம்: ஈஎஸ்ஆர் 3 ஓமுக்கு மேல். நல்ல கப்பாசிட்டரில் இது 0.1 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். உப்பினால் கெட்டது என்பது சரி. உப்பாவிட்டால் நல்லது என்பது தப்பு.

ஈஎஸ்ஆர் ஏறுவதை மேல்தொட்டியோடு ஒப்பிடலாம். தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது, இறங்கும் குழாயில் துரு அடைத்திருக்கிறது. ஒரு செம்பு பிடிக்க வந்துகொண்டே இருக்கும். இரண்டு குழாயைச் சேர்த்துத் திறந்தால் நூலாகிவிடும். ஸ்டாண்ட்பையில் கணினி சும்மா இருக்கும்போது 4.88, பட்டனை அமுக்கியதும் 4.2 ஆனது இதனால்தான்.

இவை ஏன் மற்ற கப்பாசிட்டர்களுக்கு முன்னால் செத்தன? இதில் ஒரு கணக்கு இருக்கிறது. சாதாரணமாக இந்த ரகத்துக்கு 105 டிகிரியில் 2,000 மணி நேர ஆயுள் என்று தயாரிப்பாளர்கள் போடுவார்கள். சூடு பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் தோராய விதி. உள்ளே 55 டிகிரி என்று வைத்துக்கொண்டால் ஐந்து தடவை இரட்டித்து 64,000 மணி. வருடத்துக்கு 8,760 மணி நேரம். சுவர் சுவிட்சை அணைக்காத அலுவலகத்தில் ஏழு வருடத்துக்குச் சற்று மேல் வரும். அதே கணினி தினமும் பத்து மணி நேரம், வருடத்தில் 300 நாள் மட்டும் மின்சாரத்தில் இருந்தால் வருடத்துக்கு 3,000 மணிதான். இருபது வருடம் தாண்டும். போதாக்குறைக்கு, கணினி ஆஃபில் இருக்கும்போது எஸ்எம்பிஎஸ் விசிறியும் நிற்கிறது. ஸ்டாண்ட்பை மட்டும் காற்றில்லாமல் ராத்திரி முழுக்கக் கொதித்துக்கொண்டிருக்கும். பெரிய பகுதியில் இருக்கும் கப்பாசிட்டர்களுக்கு ராத்திரி ஓய்வு; இந்த இரண்டுக்கும் ஞாயிற்றுக்கிழமைகூட லீவு இல்லை.

1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட், 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் ரகம் இரண்டு பையில் இருந்தன. வோல்ட் கூடுதலாக இருப்பது நல்லதே. உயரமும் அகலமும் பக்கத்தில் இடிக்காமல் இருந்தால் போதும். சாதா ரகத்தை இங்கே போட்டால் சில மாதத்தில் திரும்பி வரவேண்டியிருக்கும். சுவர் மின்சாரம் நுழையும் பிரைமரி பக்கத்தில் ஸ்டாண்ட்பை கிளம்ப உதவும் 22 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் குட்டி ஒன்று உண்டு. சூடான ரெசிஸ்டருக்குப் பக்கத்திலேயே குடியிருப்பது. அதையும் மாற்றினேன். அளந்தால் அதுவும் பாதியாகியிருந்தது. ஈயத்தை உறிஞ்சும் பம்ப்பால் ஓட்டைகளைச் சுத்தம் செய்து, கோடு போட்ட பக்கம் மைனஸ் என்று இரண்டு தடவை பார்த்து, பற்றவைத்தேன். இந்த மூன்றுக்கும் சேர்த்து ஆன செலவு ஒரு மதியச் சாப்பாட்டுக்குக்கூட வராது.

பழுது பார்த்த எஸ்எம்பிஎஸ்ஸை நேராகச் சுவரில் செருகுவது கிடையாது. சீரிஸ் போர்டு வேண்டும்: 100 வாட் குண்டு பல்பு ஒன்று ஃபேஸ் வயரில் தொடராக. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ஃபியூஸ் போகாது, எதுவும் வெடிக்காது. பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கி அணைந்தது. கப்பாசிட்டர்கள் நிரம்பிய வெளிச்சம் அது. அப்படித்தான் இருக்க வேண்டும். பிறகு நேர் மின்சாரத்தில், மூடி போட்டு, பழைய 4.7 ஓம் ரெசிஸ்டர் சோதனை. ஊதா வயர் 5.02, சுமையோடு 4.96. பத்து நிமிடம் சுமையிலேயே விட்டேன். ரெசிஸ்டர் தொட முடியாமல் சுட்டது, எண் அசையவில்லை.

இந்த இடத்தில் ரிப்பிளையும், அதாவது டிசி மேல் ஏறிவரும் அலையையும், பார்க்க வேண்டும். இந்த 5 வோல்ட்டில் உச்சத்துக்கு உச்சம் 50 மில்லிவோல்ட் வரைதான் அலை இருக்கலாம். மீட்டரை ஏசி ரேஞ்சில் வைத்து அளக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வீணான வேலை. சாதா மீட்டர் சில நூறு ஹெர்ட்ஸைத் தாண்டினால் சரியாக அளக்காது. இந்த சர்க்யூட் ஓடுவது பல்லாயிரம் ஹெர்ட்ஸில். என் பாக்கெட் ஆசிலாஸ்கோப்பில் 30க்குக் கீழே இருந்தது. அது இல்லாதவர்களுக்கு சுமைச் சோதனையே போதும்.

கேபினட்டில் மாட்டி, பட்டனை அமுக்கியதும் ஒரே அமுக்கில் கிளம்பியது. விசிறி நிற்கவில்லை. அண்ணாச்சி டீ சொல்லியனுப்பினார். டீ வருவதற்குள் விண்டோஸ் சின்னம் தோன்றி, நீலத் திரை ஒன்று பளிச்சிட்டு, கணினி தானாக மறுபடி ஆரம்பித்தது. மறுபடியும் அதே.

"இப்ப என்ன தம்பி?"

நீலத் திரையில் கடைசியில் 7பி என்று முடியும் எண். ஹார்ட் டிஸ்க்கை விண்டோஸால் அடைய முடியவில்லை என்று அதற்குப் பொருள். டிஸ்க் முழுக்கச் செத்திருந்தால் சின்னம் வரைகூட வந்திருக்காது. முந்தைய டெக்னீஷியன் சிமாஸை அழித்தது இங்கேதான் திரும்பி வந்தது. அழித்ததும் பயாஸ் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குப் போய்விடும். இந்தப் போர்டில், ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் சாட்டா முறை அந்த நிலையில் பழைய ஐடிஇ. விண்டோஸ் 7ஐ நிறுவிய நாளில் யாரோ ஏஹெச்சிஐ என்ற புதிய முறையில் வைத்து நிறுவியிருக்கிறார்கள். ஐடிஇயில் போட்டால் அதற்கு வழி தெரியாது. பயாஸுக்குள் போய் ஏஹெச்சிஐக்கு மாற்றிச் சேமித்ததும் நேராக டெஸ்க்டாப் வந்தது. இந்த நீலத் திரையைப் பார்த்து ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மேட் செய்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இங்கே அப்படிச் செய்திருந்தால் போயிருக்கக்கூடிய கோப்புகளை நினைத்தாலே வயிறு கலங்குகிறது. சிமாஸை அழிக்கும் முன் பயாஸ் பக்கங்களை ஃபோனில் படம் எடுத்துவைப்பது நல்ல பழக்கம்; கிளம்பவே கிளம்பாத கணினியில் அதற்கும் வழியில்லை என்பது வேறு விஷயம்.

பயாஸில் இன்னொன்றையும் சரி பார்த்தேன்: பேரலல் போர்ட். அழித்ததில் அதன் முறையும் மாறியிருந்தால் டாங்கிள் மக்கர் செய்யும். நல்லவேளை, மாறவில்லை. பேஜ்மேக்கரைத் திறந்து, அந்தப் பெண் ஒரு காலண்டர் அடித்தாளை எடுத்து கடைப் பெயரைத் தட்டிப் பார்த்தார். எழுத்து எழுத்தாகவே வந்தது, கட்டம் கட்டமாக வரவில்லை.

தேதி மட்டும் பழைய வருடத்தில் நின்றது. சிஆர்2032 பேட்டரியை அளந்தால் 2.5 வோல்ட். 3 இருக்க வேண்டியது. புதிதாக ஒன்று போட்டு நேரத்தைச் சரிசெய்தேன். ஸ்பிரே பவுடர் படிந்த விசிறியையும் ஹீட்சிங்க்கையும் புளோயரால் வெளி வராந்தாவில் வைத்து ஊதினேன். ஊதும்போது விசிறி தறிகெட்டுச் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கிளம்பும்போது, ராத்திரி வீட்டுக்குப் போகையில் சுவர் சுவிட்சை அணைத்துவிடச் சொன்னேன். அண்ணாச்சி விடவில்லை.

"ராத்திரி அணைச்சா அந்த வட்ட பேட்டரி சீக்கிரம் போயிரும்னு முன்னாடி ஒருத்தர் சொன்னாரே?"

சொன்னவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. சுவர் சுவிட்ச் போட்டிருந்தால் கடிகாரமும் அதே ஊதா வயரில் ஓடும், வட்ட பேட்டரி சும்மா இருக்கும். அணைத்தால்தான் பேட்டரி உழைக்க ஆரம்பிக்கும். ஆனாலும் அணைப்பதுதான் லாபம். வட்ட பேட்டரியை சில வருடத்துக்கு ஒரு தடவை யார் வேண்டுமானாலும் காசு வைத்து நெம்பி மாற்றிவிடலாம். ஊதா வயரின் கப்பாசிட்டருக்கு மூடியைத் திறக்க வேண்டும், 325 வோல்ட்டோடு பேச வேண்டும். பக்கத்து மேசையில் இருக்கும் பில் போடும் கணினியின் ஊதா வயரையும் போகிற போக்கில் சுமை வைத்து அளந்து பார்த்தேன். 4.79. எல்லையை ஒட்டித்தான் நிற்கிறது. தை பிறந்து சீசன் முடிந்ததும் அதன் எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் புதிது வாங்கிவிடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.